ஏற்றுமதிக்குத் தைக்கும் குழந்தை உடுப்பை எங்களுக்கும் தையுங்கள்: திருப்பூர் உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூரிலும் அவிநாசியிலும் குழந்தை உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்யும் முதலாளிகளுக்கும், அங்கே வேலை பார்க்கும் மெர்ச்சண்டைசர்கள், பேட்டர்ன் மாஸ்டர்கள் எல்லோருக்கும் மதுரையிலிருந்து வணக்கம்.

நான் இரண்டு சின்னப் பிள்ளைகளின் தகப்பன். மகளுக்கு மூன்று வயது, மகனுக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. எனக்குக் குழந்தை உடுப்பின் மேல் பெரிய ஆசை. நல்ல துணியில், நல்ல வெட்டில், நல்ல நிறத்தில் ஒரு குட்டிச் சட்டை கையில் கிடைத்தால் அதை உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு அழகாக உடுத்திப் பார்ப்பதற்காக என் சட்டைச் செலவைக் குறைத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமே கிடையாது. இந்த ஆசையை நான் யாரிடமும் ஒளித்ததில்லை, உங்களிடமும் ஒளிக்காமல் கேட்கிறேன். வெளிநாட்டுப் பையருக்கு, அதாவது உங்களிடம் மொத்தமாக வாங்கும் கம்பெனிக்கு, எந்தத் தரத்தில், எந்த அக்கறையோடு குழந்தை உடுப்பு தைக்கிறீர்களோ, அதே தரத்தில், அதே அக்கறையோடு எங்கள் ஊர்க் கடைகளுக்கும் தையுங்கள். விலை கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.

என் தங்கை ஜெர்மனியில் இருக்கிறாள். தன் மகனுக்குச் சின்னதாகிப் போன உடுப்புகளை ஊருக்கு வரும்போதெல்லாம் மடித்துக் கொண்டுவந்து கொடுப்பாள். அதில் ஒரு முழுக்கை ராம்பர் இருக்கிறது, மேலும் கீழும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த உடுப்பு. அங்கே விலை கூடிய கடை ஒன்றில் எடுத்தது. உள்ளே பார்த்தால் ‘மேட் இன் இந்தியா’. அதைத் தைத்தவர்களை நேரில் பார்த்துக் கைகொடுக்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டு தோளிலும் துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது, அதனால் கழுத்து நன்றாக விரிகிறது. குழந்தை முதுகு வரைக்கும் அசிங்கம் பண்ணிவிட்டால் தலைவழியாகக் கழற்ற வேண்டாம், தோளிலிருந்து அப்படியே கீழே இறக்கிவிடலாம். பிரஸ் பட்டன் வைத்த இடத்தில் இழுப்பில் துணி கிழிந்துவிடாமல் உள்ளே பட்டை கொடுத்திருக்கிறார்கள். பிடரியில் உறுத்துகிற லேபிள் இல்லை. சைஸும் துவைக்கிற முறையும் துணியிலேயே அச்சாகியிருக்கின்றன. நெஞ்சில் ஒரு சின்ன மீன் எம்ப்ராய்டரி. அதன் பின்பக்கம் மெல்லிய துணி ஒட்டி, நூல் முடிச்சு ஒன்றுகூடத் தோலில் படாமல் மூடியிருக்கிறார்கள். துணி இன்டர்லாக் என்ற பின்னல், இரண்டு பக்கமும் ஒரே வழவழப்பு. தங்கை மகன் போட்டு, என் மகள் போட்டு, இப்போது என் மகன் போடுகிறான். இன்னும் கழுத்து தொங்கவில்லை.

அது உங்கள் ஊரில் தைத்ததுதான் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து போகும் பருத்திப் பின்னலாடையில் பெரும்பகுதி உங்கள் ஊரிலிருந்துதான் போகிறது. இப்படி ஒரு ராம்பரைத் தைக்கத் தெரிந்த கைகள் அங்கே ஏராளமாக இருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்களுக்குக் கிடைப்பது என்ன? உங்கள் ஊர் உடுப்புச் சந்தையான காதர்பேட்டைக்கு நான் வந்திருக்கிறேன். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், செகண்ட்ஸ் குவியல்களுக்குள் நல்ல உருப்படிகள் கிடைக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பிடித்த நிறம் இருந்தால் சைஸ் இருக்காது. பிராண்ட் லேபிளை வெட்டும்போது சைஸும் சேர்ந்து போயிருக்கும், முழம் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பையர் வேண்டாமென்று ஒதுக்கியதிலும், ஆர்டருக்கு மிஞ்சியதிலும் நாங்கள் பொறுக்கிக்கொள்கிறோம். எங்கள் பிள்ளைகளை மனதில் வைத்து முதல் தரத்தில் ஒன்றைத் திட்டமிட்டுத் தைத்து, எல்லா சைஸிலும் அடுக்கிவைத்த கடை ஒன்றை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

தீபாவளி நேரத்தில் எங்கள் ஊர்ப் பெரிய ஜவுளிக்கடை எதற்காவது வந்து குழந்தைகள் பிரிவில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். பெண்பிள்ளைக்கு அடுக்கடுக்காக நெட் வைத்த கவுன், இடுப்பில் பசை போட்டு ஒட்டிய கல், உள்ளே பாலியஸ்டர் லைனிங். கக்கத்தில் நெட் உரசி உரசிச் சிவந்து போகும். ஆண்பிள்ளைக்கு என்றால் கோட், வெயிஸ்ட் கோட், கழுத்தில் ரெடிமேட் டை என்று மூன்று அடுக்கு. அது வேண்டாமென்றால் நெஞ்சு முழுக்க ரப்பர் பிரின்ட் போட்ட டி-ஷர்ட். அந்த பிரின்ட் வழியாகக் காற்று போகாது, அதற்கு அடியில்தான் வியர்க்குரு பொரிந்து நிற்கும். இந்தக் கவுன்களெல்லாம் பெரும்பாலும் கொல்கத்தாவிலிருந்தும் மும்பையிலிருந்தும் வருகின்றன என்று கடைக்காரர் சொன்னார். உங்கள் தயாரிப்பு இல்லைதான். ஆனால் நீங்கள் காலியாக விட்ட இடத்தில்தான் அவை தொங்குகின்றன.

இதில் எனக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயம் ஒன்று உண்டு. அந்த நெட் கவுனைப் போட்டுக்கொண்டுதான் பிள்ளை கையில் கம்பி மத்தாப்பு பிடிக்கிறது. பாலியஸ்டரும் நைலானும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். ஒவ்வொரு வருஷமும் தீயணைப்புத் துறையும் டாக்டர்களும் பருத்தி உடுத்துங்கள், தொளதொளவென்று உடுத்தாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பண்டிகைக்கு அழகாக, பிடிப்பாக, பருத்தியில் குழந்தை உடுப்பு எங்கே கிடைக்கும் என்று பெற்றவர்கள் கேட்டால் பதில் இல்லை. அமெரிக்காவுக்கு நீங்கள் குழந்தைகளின் இரவு உடுப்பு அனுப்பும்போது தீப்பிடிக்கும் தன்மைக்கான விதி ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட சைஸ் என்றால் துணி அந்தச் சோதனையில் தேற வேண்டும், இல்லையென்றால் உடம்போடு ஒட்டிய அளவில் தைக்க வேண்டும். அந்த அளவுகளை இம்மி பிசகாமல் தைத்து அனுப்புகிறீர்கள். தூங்கப்போகும் ஒரு குழந்தைக்கு அங்கே கிடைக்கும் கவனம், மத்தாப்பு பிடிக்கும் எங்கள் பிள்ளைக்கும் வேண்டும்.

நீங்கள் செய்கிற மற்ற சோதனைகளையும் நான் அறிவேன். என் மனைவியின் அண்ணன் உங்கள் ஊரில் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவர், அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஐரோப்பாவுக்குப் போகிற உடுப்பு ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்றால் கழுத்திலும் தலைமூடியிலும் இழுத்துக் கட்டும் கயிறு கூடாது, எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும் என்பதால். பொத்தானையும் பிரஸ் பட்டனையும் கருவியில் மாட்டி இழுத்துப் பார்க்கிறீர்கள், பிய்ந்து வந்தால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். உடைந்த ஊசி முனை உள்ளே தங்கியிருக்கிறதா என்று மெட்டல் டிடெக்டரில் விட்டெடுக்கிறீர்கள். ஜப்பானில் 24 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் உடுப்பில் தோலை உறுத்தும் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் தென்படவே கூடாது என்பது 1970களில் வந்த சட்டம். துணியில் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று பார்த்துத் தரும் ஓயெகோ-டெக்ஸ் சான்றிதழில் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு இருப்பதிலேயே கடுமையான வகுப்பு. இத்தனையும் உங்கள் கட்டிங் டேபிளுக்குப் பழகிப்போன விஷயங்கள். மதுரை மாசி வீதிக் கடையில் தொங்கும் குழந்தைச் சட்டையில் கழுத்துக் கயிறு ஜம்மென்று தொங்குகிறது. அதை வாங்கி வந்து நான் முதலில் செய்யும் வேலை கத்தரிக்கோல் எடுத்து அந்தக் கயிற்றை உருவுவதுதான்.

“வளர்ற பிள்ளைக்கு எதுக்குப்பா இவ்வளவு விலையில? ஆறு மாசத்துல சின்னதாப் போயிடும்” என்று என் வீட்டிலும் சொல்கிறார்கள், உங்களிடம் கடைக்காரர்களும் சொல்வார்கள். உள்நாட்டில் விலை கூடிய குழந்தை உடுப்பு ஓடாது என்ற முடிவுக்கு நீங்கள் வந்ததே இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த முடிவு தப்பு. நம் வீடுகளில் நாலு வயதுப் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை எடுப்பதை யாராவது ஆடம்பரம் என்று சொல்லியிருக்கிறார்களா? கடன் வாங்கியாவது எடுப்போம். எடுத்துத் தையற்காரரிடம் கொடுத்தால் அவர் பாவாடை ஓரத்தில் இரண்டு மூன்று மடிப்பு பிடித்துத் தைப்பார், சட்டைக்குப் பக்கவாட்டில் உள்ளே துணி விட்டுத் தைப்பார். வருஷத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்து விடுவோம். அக்காவுக்குப் பத்தாமல் போனால் தங்கைக்கு. பிள்ளை வளரும் என்பதைத் தெரிந்துகொண்டு, வளர்ச்சிக்கு இடம் விட்டுத் தைப்பது நம் தையற்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வேலை. இதையே பின்னலாடையில் கொண்டுவாருங்கள். மடித்துவிடும்படி நீளமான ரிப் கை, இரண்டு இடத்தில் பொத்தான் வைத்த தோள்பட்டை, இடுப்பில் தளர்த்திக்கொள்ளும் எலாஸ்டிக். ஒரு உடுப்பை இரண்டு வருஷம் போட முடியுமென்றால் விலையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பிள்ளைக்கு அழகாக உடுத்த வேண்டும் என்ற ஆசையைச் சின்ன விஷயமாக எண்ணிவிடாதீர்கள். பாரிசில் ழான் லான்வான் என்ற பெண் 1889இல் தொப்பிக் கடை வைத்தார். 1897இல் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்த மகளுக்காக அவர் தைத்துப் போட்ட உடுப்புகளைப் பார்த்துக் கடைக்கு வந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் அதுபோல் கேட்டார்கள். 1908இல் குழந்தை உடுப்புக்கென்றே ஒரு பிரிவு தொடங்கினார். பெரியவர்களுக்கான உடுப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. உலகப் புகழ்பெற்ற அந்த நிறுவனத்தின் சின்னம் இன்றைக்கும் கைகோத்து நிற்கும் ஒரு தாயும் மகளும்தான். டியோர் என்ற இன்னொரு பெரிய உடுப்பு நிறுவனம் 1967இல் பாரிசில் குழந்தைகளுக்கென்று தனிக்கடை திறந்தது. புளோரன்சில் குழந்தை உடுப்புக்கு மட்டுமே ஒரு கண்காட்சி 1975இல் தொடங்கியது. இவர்களெல்லாம் பெற்றவர்களின் ஆசையை நம்பித் தொழில் செய்தவர்கள். எங்கள் ஆசையும் அதில் குறைந்ததல்ல. அதற்காக அந்த பிராண்டுகளின் பெயரை நெஞ்சில் கொட்டை எழுத்தில் எழுதிய சட்டையை நான் கேட்கவில்லை. அது எனக்குப் பிடிக்காது. எழுத்தே இல்லாத, வெட்டிலேயே அழகு தெரிகிற உடுப்பு போதும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்பிள்ளை என்றால் ரோஸ், ஆண்பிள்ளை என்றால் நீலம், இரண்டுக்கும் நடுவில் கண்ணைக் குத்துகிற மஞ்சள். கடுகு நிறம், செங்கல் நிறம், அவுரி நீலம், மண்நிறம் கேட்டால் “குழந்தைக்கு அது டல்லா இருக்கும் சார், ஓடாது” என்கிறார்கள். ஐரோப்பிய பையர் அதே கடுகு நிறத்தைக் கேட்டால் நீங்கள் சாயம் போட்டு, மாதிரி அனுப்பி, ஒப்புதல் வாங்கி, டன் கணக்கில் அனுப்புகிறீர்கள். அந்த நிறங்கள் எங்களுக்கு அந்நியமானவையா? 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலையை எடுத்துப் பாருங்கள். செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு, பெரிய பெரிய கட்டம். எங்கள் பாட்டிமார் உடம்பில் பார்த்து வளர்ந்த நிறங்கள் அவை. எங்கள் பிள்ளைகளின் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அந்த நிறங்கள் எடுத்துக்கொடுப்பதுபோல் வெளிறிய ரோஸ் எடுத்துக்கொடுக்காது. என் மகளுக்குச் செங்கல் நிறத்தில் ஒரு கைத்தறிக் கவுன் தைத்துப் போட்டபோது தெருவில் நிறுத்தி எங்கே எடுத்தது என்று கேட்டார்கள். கண்டாங்கிக் கட்டத்தை நூல் சாயம் போட்டுப் பின்னலில் கொண்டுவர உங்களால் முடியும். செய்து காட்டினால் முதல் ஆளாக நான் வரிசையில் நிற்பேன்.

அப்புறம், அளவு. ஜெர்மன் உடுப்பில் 92, 98, 104 என்று சென்டிமீட்டரில் உயரம் போட்டிருக்கிறது. பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளந்தால் சைஸ் தெரிந்துவிடும். இங்கே ஒரு கடையில் 18, 20 என்று பழைய நம்பர், இன்னொரு கடையில் ‘2-3 வயது’. அந்த ‘2-3 வயது’ ஒரு கம்பெனிக்கும் மறு கம்பெனிக்கும் நாலு விரல்கடை வித்தியாசம். இந்தியர்களின் உடல் அளவைத் திரட்ட ‘இந்தியாசைஸ்’ என்ற பெரிய கணக்கெடுப்பை, உடுப்பு வடிவமைப்பு கற்றுத்தரும் மத்திய அரசு நிறுவனமான நிஃப்ட் நடத்தியது. அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் 15 முதல் 65 வயது வரை உள்ளவர்கள். சின்னப் பிள்ளைகள் அதில் இல்லை. ஒரு தொழில் நகரமாக இதை நீங்களே எடுத்துச் செய்யலாம். அங்கன்வாடிகளில் பிள்ளைகளின் உயரமும் எடையும் ஏற்கெனவே பதிவாகின்றன. மார்பு, இடுப்பு, கால் நீளம், தலைச்சுற்று மட்டும் சேர்த்து அளந்தால் போதும். பின்னலாடைக்கென்றே ஒரு கல்லூரியை உங்கள் ஏற்றுமதியாளர் சங்கம் முன்னின்று நடத்துகிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்காது. அளவு கையில் வந்துவிட்டால், எல்லோரும் ஒரே அட்டவணையை வைத்துக்கொள்ளலாம்.

பணத்துக்கு வருவோம். நல்ல பருத்தி, நல்ல சாயம், சோதனை, நிதானமான தையல் எல்லாம் சேர்ந்தால் ஒரு குழந்தைக் கவுன் 299 ரூபாய்க்கு வராது. தெரியும். முன்பு 1000 ரூபாயைத் தாண்டிய உடுப்புக்கு 12 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம்தான். தரமான குழந்தை உடுப்புக்கு நியாயமான விலை பெரும்பாலும் இந்த 1000க்கும் 2500க்கும் இடையில்தான் வரும். முன்பு உங்களைத் தடுத்த வரி இப்போது அங்கே இல்லை. கொடுக்கும் காசு எங்கே போகிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். எந்தப் பஞ்சு? கோயம்புத்தூரில் உருவாக்கி 1970களில் வெளிவந்த சுவின் பஞ்சு நம் நாட்டின் மிக நீளமான இழைப் பஞ்சு. சொகுசுச் சட்டைகளுக்கென்று வெளிநாட்டார் அதைத் தேடுகிறார்கள், ஆனால் அதைப் போடும் விவசாயிகள் குறைந்துகொண்டே போகிறார்கள். பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்துப் போடுவது நம் வழக்கம், அந்த மென்மைக்காக. சுவினில் ஒரு ஜப்லா தைத்தால் அதே மென்மை முதல் நாளிலேயே கிடைக்குமே!

சாயத்தைப் பற்றியும் சொல்லுங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவுநீரை ஒரு சொட்டும் நொய்யல் ஆற்றில் விடாமல் சுத்திகரித்துத் திரும்ப எடுக்கும் ஆலைகளை அதற்குப்பின் நீங்கள் ஓட்டுவதும் ஊரறிந்தது. அதற்கு எவ்வளவு செலவாகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு பையர்கள் அந்தச் செலவையும் சேர்த்துக் கொடுக்கிறார்களோ இல்லையோ, நான் கொடுக்கிறேன். அந்தச் சாயக்கழிவு போய்த் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றி நிலம் கெட்டுப்போன விவசாயிகளுக்கும் பிள்ளைகள் உண்டு. ஆற்றைக் கெடுத்துச் சாயம் போட்ட சட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் என் பிள்ளைக்கு வேண்டாம். அதுபோல, பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்து அதைத் தைத்த அக்காவுக்கு பீஸ் ரேட்டில் கூடுதலாகச் சில ரூபாய் சேர்கிறது என்று லேபிளில் அச்சிட்டால் அந்தச் சட்டையைத்தான் நான் எடுப்பேன்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது உங்கள் ஊர் பட்ட பாட்டை நாங்கள் செய்தியில் பார்த்துக் கலங்கினோம். ஆர்டர் நின்றது, ஷிப்ட் குறைந்தது, வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் அவிநாசி ரோட்டில் மெஷின் நிற்கிறது. இதே மாநிலத்தில் இருக்கும் எங்களால் அப்படி ஒரு வரி போட முடியாது. ஏற்றுமதியில் சம்பாதிக்கும் அளவுக்கு எங்களிடம் உடனே சம்பாதித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. இருக்கும் தையல் லைன்களில் ஒன்றை, ஒரே ஒரு லைனை, எங்களுக்கென்று ஒதுக்கிப் பாருங்கள் என்கிறேன்.

தீபாவளிச் சரக்குக்கு ஆடிக்கு முன்பே துணி அறுக்கத் தொடங்கிவிடுவீர்கள் என்பதால் என் தேவையை இப்போதே சொல்லிவைக்கிறேன். மகளுக்கு 98 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கவுன்: முழுப் பருத்தி இன்டர்லாக், கடுகு நிறத்தில் செங்கல் கட்டம், முழங்கால் வரைக்கும், ஓரத்தில் பிரித்துவிட இரண்டு மடிப்பு, பக்கவாட்டில் பாக்கெட் கட்டாயம் வேண்டும். மகனுக்கு 80க்கு ஒரு ராம்பர், அவுரி நீலம், தோளில் ஏறிய கழுத்து, எழுத்து எதுவும் வேண்டாம். கயிறு கூடாது, கல் கூடாது, நெட் கூடாது. இந்த அளவுக்குத் தைத்துத் தர உங்களில் யார் முன்வந்தாலும் பாதிப் பணத்தை முன்கூட்டியே கட்டுகிறேன். என் தெருவிலும் அலுவலகத்திலும் இதையே கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளின் உயரத்தையும் அளந்து வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
இரண்டு பிள்ளைகளின் தகப்பன்,
மதுரை